வீட்டோட தங்கி வேலை பாக்கறவங்க பாஸ்போர்ட்டை நாம வாங்கி வச்சுக்கணும்னு ஏஜென்ட் சொல்றார், இது சரியா?

மழைச்சாரல்_3:
எல்லாருக்கும் வணக்கம். மாமியாருக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் வரல. நானும் வீட்டுக்காரரும் வேலைக்கு போறவங்க, அதனால ஏஜென்சி மூலமா வெளிநாட்டுலேருந்து ஒரு அக்காவ வீட்டோட தங்கி பாத்துக்கற மாதிரி எடுத்திருக்கோம். வந்து ஒன்பது நாள் ஆச்சு. கூட்டிட்டு வந்து விட்ட ஏஜென்ட் அவங்க பாஸ்போர்ட்டை ஒரு கவர்ல போட்டு என் கையில குடுத்து, இத லாக்கர்ல வச்சு பூட்டிடுங்க எப்ப கேட்டாலும் குடுக்காதீங்க, முதல் மூணு மாசம் லீவே விடாதீங்க வெளிய போனா மத்தவங்களோட சேர்ந்து வேற எடம் தேட ஆரம்பிச்சுடுவாங்க, ஆறு மாசத்துக்கு சம்பளத்துல பாதி புடிச்சு எங்க ஃபீஸா அனுப்பிடுங்கன்னு மடமடனு சொல்லிட்டு போயிட்டார். எனக்கு அப்ப ஒண்ணும் தோணல, தலைய ஆட்டிட்டேன்.

நேத்து ராத்திரி ரெண்டு மணி இருக்கும், தண்ணி குடிக்க எழுந்து வந்தேன். மாமியார் ரூம் வாசல்ல வெறும் தரையில அந்த அக்கா சுருண்டு படுத்திருக்காங்க. என் காலடி சத்தத்துக்கே வாரிச் சுருட்டி எழுந்து "மேடம், பெல் அடிச்சாங்களா, நான் தூங்கிட்டேனா"ன்னு கேட்டாங்க. கை நடுங்குது. அதுக்கப்புறம் எனக்கு தூக்கமே வரல. அந்த கவர் இன்னும் என் பீரோல தான் இருக்கு. நான் பண்றது தப்புன்னு மனசு சொல்லுது ஆனா எது சரின்னு தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கரையோரம்:
சகோதரி, கேட்டதுக்கே நன்றி, நெறைய பேர் கேக்கவே மாட்டாங்க. நான் பத்து வருஷமா புலம்பெயர்ந்த தொழிலாளிகளுக்கு உதவி பண்ற ஒரு குழுவுல தன்னார்வலரா இருக்கேன். முதல்ல அந்த கவர எடுத்து அவங்க கையில குடுத்துடுங்க, மீதிய அப்புறம் பேசலாம்.

ஏன்னு சொல்றேன். வீட்டு வேலை பாக்கறவங்களுக்குன்னே சர்வதேச தொழிலாளர் அமைப்பு, ஐஎல்ஓன்னு சொல்வாங்க, 2011 ஜூன் 16ல ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்துச்சு, 189ஆம் எண். 2013லேருந்து அமல்ல இருக்கு, முதல்ல கையெழுத்து போட்டு ஏத்துக்கிட்ட நாடு உருகுவே. அதுல 9ஆவது பிரிவு நேரடியாவே சொல்லுது, பாஸ்போர்ட் அடையாள அட்டை எல்லாம் தொழிலாளி கையிலயே இருக்கணும்னு. எல்லா நாடும் இத ஏத்துக்கல, ஆனா ஏத்துக்காத நாடுகள்லயும் பாஸ்போர்ட்ட புடிச்சு வைக்கறது குத்தம்னு தனியா சட்டம் இருக்கற எடம் நெறைய. கட்டாய உழைப்ப கண்டுபிடிக்க ஐஎல்ஓ 11 அறிகுறி குடுத்திருக்கு, அதுல பேப்பர பறிச்சு வைக்கறது ஒண்ணு, சம்பளத்த புடிச்சு வைக்கறது ஒண்ணு, கடன்ல மாட்டி வைக்கறது ஒண்ணு, வெளிய விடாம அடைச்சு வைக்கறது ஒண்ணு. உங்க ஏஜென்ட் ஒரே மூச்சுல இந்த நாலையும் உங்க தலையில கட்டிட்டு போயிருக்கார். நீங்க நல்லவங்கன்றது வேற, நாளைக்கு ஒரு புகார்னு வந்தா அந்த கவர் யார் பீரோல இருந்துச்சுன்னு தான் கேப்பாங்க.

பாதுகாப்பா வைக்கணும்னு அவங்களே விரும்பினா பூட்டு போட்ட ஒரு பெட்டி வாங்கிக் குடுங்க, சாவி அவங்ககிட்ட இருக்கட்டும்.

நெடுஞ்சாலை88:
சொல்றது எல்லாம் சரிதான் ஆனா எங்க பக்கமும் கொஞ்சம் யோசிங்க. நாங்க ஏஜென்சிக்கு பெரிய தொகை கட்டி விசா டிக்கெட் மெடிக்கல் எல்லாம் பாத்து கூட்டிட்டு வந்தோம், மூணாவது வாரம் காலைல எழுந்து பாத்தா ஆள் இல்ல. அப்பாவுக்கு டயாலிசிஸ், ரெண்டு வாரம் நான் ஆபீஸ் போகல. பணமும் போச்சு. பாஸ்போர்ட் எங்ககிட்ட இருந்திருந்தா போயிருப்பாங்களா?

கரையோரம்:
நெடுஞ்சாலை, அப்பா உடம்ப வச்சுக்கிட்டு அந்த ரெண்டு வாரம் எப்படி இருந்திருக்கும்னு புரியுது. ஆனா எங்ககிட்ட வர்ற பொண்ணுங்கள்ல முக்காவாசி பேர் பாஸ்போர்ட் இல்லாம தான் வர்றாங்க. பேப்பர் இல்லன்னு யாரும் உள்ளயே இருக்கறதில்ல, பொறுக்க முடியாத கட்டத்துல அப்படியே கிளம்பிடறாங்க, வெளிய வந்தப்புறம் கைல ஒண்ணும் இல்லாததால இன்னும் மோசமான ஆளுங்ககிட்ட போய் மாட்டறாங்க. பல நாடுகள்ல விசாவே முதலாளி பேர்ல கட்டியிருக்கும், கஃபாலான்னு சொல்வாங்களே அந்த மாதிரி, வீட்ட விட்டு வெளிய கால் வச்ச நிமிஷம் "ஓடிப்போனவங்க"ன்னு ஒரு ரிப்போர்ட் போட்டா போதும், அடி வாங்கினவங்களே குத்தவாளி ஆயிடுவாங்க. நீங்க கட்டின பணத்துக்கு மாத்து ஆள் தர்றது, பணத்த திருப்பறதுலாம் உங்களுக்கும் ஏஜென்சிக்கும் நடுவுல இருக்கற அக்ரிமென்ட், அத ஏஜென்சிகிட்ட தான் கேக்கணும்.

அலைபாயும்நிலா:
நான் இங்க எழுதறது ரொம்ப கம்மி, இத படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. நான் வெளிநாட்டுல வீட்டு வேலை பாத்தவ. 11 வருஷம், ரெண்டு வீடு.

முதல் வீட்டுல அடிக்கல, திட்டல, சாப்பாடு குடுத்தாங்க. பாஸ்போர்ட் மட்டும் அவங்க பீரோல. தங்கச்சி, நீங்க பீரோன்னு எழுதினதும் எனக்கு அந்த பீரோ தான் கண்ணு முன்னால வந்துச்சு, தெனமும் அத நான் தான் தொடைப்பேன். எங்க அப்பா செத்துட்டாருன்னு போன் வந்தப்போ நான் பாஸ்போர்ட் கேட்டேன், மேடம் சார் வரட்டும்னு சொன்னாங்க, சார் வந்து ஏஜென்ட்ட கேக்கறேன்னு சொன்னாரு, ஏஜென்ட் காண்ட்ராக்ட் முடியலன்னு சொன்னாரு. நாலு நாள். அஞ்சாவது நாள் எல்லாம் முடிஞ்சுடுச்சு, இனி போய் என்ன பண்ணப் போறேன்னு நானே விட்டுட்டேன். அவங்க கெட்டவங்க இல்ல. அவங்களுக்கு பயம், நான் திரும்பி வரமாட்டேன்னு. ஆனா எங்க அப்பா முகத்த நான் பாக்கல.

ரெண்டாவது வீட்டுல போன அன்னிக்கே அந்தம்மா ஒரு சின்ன ரூம காட்டி கதவ ரெண்டு தடவ பூட்டி தொறந்து காமிச்சு சாவிய என் உள்ளங்கையில வச்சாங்க. ஒரே ஒரு சாவி. அந்த சாவிய சேஃப்டி பின்னுல கோத்து ஏழு வருஷம் உள்பாடியில குத்தி வச்சிருந்தேன். முதல் வீட்டுல நான் ஒரு நாளும் முழுசா தூங்கினதில்ல, யார் வேணா எப்ப வேணா கதவ தொறக்கலாம்னு ஒரு காது முழிச்சே இருக்கும். சாவி வந்த அன்னிக்கு ராத்திரி தான் நல்லா தூங்கினேன். ஏழு வருஷத்துல ஒரு தடவ கூட வேற வீட்டுக்கு போகணும்னு எனக்கு தோணல, நெடுஞ்சாலை தம்பி கேட்டதுக்கு என்கிட்ட இருக்கற பதில் இதான்.

அந்த அக்கா தரையில ஏன் படுத்திருக்காங்கன்னு கேட்டீங்களா? பெல் காதுல விழாம போயிடுமோன்ற பயம் தான், வேற ஒண்ணும் இருக்காது. ராத்திரிக்கும் பகலுக்கும் ஒரே ஆள வச்சு ஓட்ட முடியாதும்மா. வாரத்துல சில ராத்திரி நீங்களோ உங்க வீட்டுக்காரரோ பாத்துக்கங்க.

கணக்குப்பிள்ளை:
அலைபாயும்நிலா அக்கா, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். அந்த சாவி விஷயம் ஐஎல்ஓ 189ஓட சேர்ந்து வந்த 201ஆம் பரிந்துரையிலயே இருக்கு, தனி ரூம், காத்தோட்டம், பூட்டு, அந்த சாவி தொழிலாளி கையிலன்னு அப்படியே எழுதியிருக்கு.

நான் சம்பளக் கணக்கு பாக்கற வேலையில இருக்கறதால அந்தப் பக்கம் மட்டும் சொல்றேன். மழைச்சாரல், ராத்திரி பெல்லுக்கு காத்துக்கிட்டு இருக்கற நேரம் ஓய்வு இல்ல, இஷ்டத்துக்கு போக வர முடியாம கூப்பிட்டா வரணும்னு இருக்கற நேரத்த நாட்டு சட்டம் சொல்ற அளவுக்கு வேலை நேரமா கணக்கு வைக்கணும்னு 189ஆம் ஒப்பந்தத்தோட 10ஆவது பிரிவு சொல்லுது. வாரத்துல தொடர்ச்சியா 24 மணி நேரம் ஓய்வு, அந்த நேரத்துல வீட்டுலயே இருன்னு சொல்ல முடியாது. அதனால மூணு மாசம் லீவு இல்லன்ற பேச்சே கிடையாது. ஒரு நோட்டு போட்டு தெனமும் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சாங்க எத்தனை மணிக்கு முடிச்சாங்க ராத்திரி எத்தனை தடவ எழுந்தாங்கன்னு எழுதி வைங்க, அவங்களும் பாக்கற மாதிரி சமையல்கட்டுலயே கெடக்கட்டும். ஒரு வாரம் எழுதினாலே பதினஞ்சு பதினாறு மணி நேரம் போறது உங்களுக்கே தெரிஞ்சுடும்.

அடுத்து ஃபீஸ். ஏஜென்சி ஃபீஸ வீட்டு வேலை பாக்கறவங்க சம்பளத்துல புடிக்கக் கூடாதுன்னு அதே 189ஓட 15ஆவது பிரிவு சொல்லுது. அதுக்கு முன்னாலயே 1997ல வந்த 181ஆம் ஒப்பந்தம் தொழிலாளிகிட்ட ஃபீஸே வாங்கக் கூடாதுன்னு பொது விதியா வச்சிருக்கு. பாதி சம்பளத்துல ஆறு மாசம்னா அவங்க வீட்டுக்கு என்ன அனுப்புவாங்க? ஊர்ல ஏற்கனவே வட்டிக்கு வாங்கி தான் வந்திருப்பாங்க. சம்பளம் மாசத்துக்கு ஒரு தடவையாவது நேரா அவங்க கைக்கோ அவங்க சம்மதத்தோட அவங்க பேர்ல இருக்கற பேங்க் கணக்குக்கோ போகணும், உங்க கணக்குல சேத்து வச்சு கடைசியா மொத்தமா தர்றேன்றது வேண்டவே வேண்டாம். அப்புறம் உங்க நாட்டு தொழிலாளர் துறைல குறைஞ்சபட்ச சம்பளம், இன்சூரன்ஸ் விதி என்னன்னு கேட்டுக்கங்க, வீட்டு வேலைய சட்டத்துல சேக்காம விட்ட நாடுகளும் இருக்கு. உலகம் பூரா வீட்டு வேலை பாக்கறவங்க 7 கோடியே 56 லட்சம் பேர்னு ஐஎல்ஓ 2021ல கணக்கு குடுத்துச்சு, அதுல பத்துல எட்டு பேருக்கு முறையான பாதுகாப்பு எதுவும் கிடையாது. வீட்டுக்குள்ள நடக்கறத வேலைன்னே நெனைக்காததோட விளைவு இது.

மழைச்சாரல்_3:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து சாயங்காலம் கவர எடுத்துக் குடுத்தேன். வாங்கி பிரிச்சு தன் போட்டோ இருக்கற பக்கத்த கொஞ்ச நேரம் பாத்துட்டு, "மேடம், நான் போகணுமா?"ன்னு கேட்டாங்க. வேலைய விட்டு அனுப்பறேன்னு நெனச்சுட்டாங்க. இல்லக்கா இது உங்களோடது உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொன்னேன், மேடம்னு கூப்பிட வேணாம்னும் சொன்னேன். சாமான் போட்டு வச்சிருந்த ரூம காலி பண்ணி கட்டில் போட்டாச்சு, பூட்டு மாட்ட நாளைக்கு ஆள் வர்றாரு. செவ்வாய், வெள்ளி, சனி ராத்திரி வீட்டுக்காரர் பாத்துக்கறேன்னு ஒத்துக்கிட்டார். ஏஜென்ட்டுக்கு போன் பண்ணி சம்பளத்துல புடிக்க மாட்டேன்னு சொன்னதுக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கள கேக்காதீங்கன்னு கத்தினார், எழுத்துல குடுங்கன்னு கேட்டேன், லைன கட் பண்ணிட்டார்.

ஒரு சந்தேகம். அக்ரிமென்ட்ட புதுசா எழுதலாம்னு இருக்கோம், ஏஜென்சி குடுத்தது அவங்களுக்கு தெரியாத மொழியில இருக்கு. எதுல கையெழுத்து போட்டோம்னே தெரியாதுன்றாங்க. எப்படி பண்றது?

அலைபாயும்நிலா:
நல்லா இருங்கம்மா. அவங்க மொழியிலயும் ஒண்ணு, உங்க மொழியிலயும் ஒண்ணுன்னு ரெண்டு பிரதி போடுங்க. சம்பளம் எவ்வளவு எந்த தேதி, எத்தனை மணி நேரம், எந்த நாள் லீவு, என்னென்ன வேலை, ஊருக்கு போற டிக்கெட் யார் செலவு, எந்தப் பக்கம் நிறுத்தினாலும் எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், எல்லாம் வரட்டும். கையெழுத்துக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு போன் போட்டுக் குடுத்து மகளோ புருஷனோ யாராவது ஒருத்தருக்கு அவங்களே வரி வரியா படிச்சு காட்டட்டும், நீங்க பக்கத்துல நிக்காதீங்க, வேற ரூமுக்கு போயிடுங்க. எனக்கு அந்தம்மா அப்படித்தான் பண்ணாங்க. எங்கம்மா போன்ல கேட்டுட்டு, லீவு நாள் எழுதியிருக்கா, திரும்ப படின்னாங்க.