பரங்கிக்காய் மசியல் நீர்த்துப்போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

செங்காங் சமையற்கட்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அலுவலகத் தோழிகள் ஏழு பேர் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். ஓவனில் சுட்ட கோழிக்குத் துணையாக, உருளைக்கிழங்கு மசியலுக்குப் பதிலாக, நீண்ட கழுத்தும் உருண்ட வயிறும் கொண்ட பரங்கி வகையான பட்டர்நட் பூசணியை மசித்து வைக்கலாம் என்று எண்ணி, சென்ற சனிக்கிழமை ஒருமுறை செய்து பார்த்தேன். ஒரு கிலோ எடையுள்ள காயைத் தோல் சீவித் துண்டுகளாக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, குக்கரில் மூன்று விசில் வைத்து இறக்கினேன். தண்ணீரை வடித்த பிறகுதான் வெண்ணெய் சேர்த்து மசித்தேன். ஆனாலும் தட்டில் வைத்த சில நிமிடங்களில் மசியலைச் சுற்றி மஞ்சள் நீர் வட்டமாகத் தேங்கி, பக்கத்திலிருந்த கோழியின் மொறுமொறுப்பையும் நனைத்துவிட்டது. சுவையும் குழந்தைக்கு ஊட்டும் கூழைப் போல் வெறும் இனிப்பாகவே இருந்தது. என் மாமியார் ஒரு வாய்க்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை.

காய் சரியில்லையா, செய்த முறை சரியில்லையா என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன்தான். வருபவர்களில் இருவர் சைவம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈசூன் அடுப்பு

சகோதரி, காயின் மீது குற்றமில்லை. பட்டர்நட்டின் எடையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதைத் துண்டாக்கித் தண்ணீரிலேயே வேகவைத்தால், தன்னிடமுள்ள நீரை விடுவதற்கு மாறாக மேலும் நீரைக் குடித்துக்கொள்கிறது. வடிதட்டில் வடியும் நீர் மேலோட்டமானது. சதைக்குள் ஏறிய நீர், மசித்து உப்புச் சேர்த்த பிறகுதான் மெல்ல வெளியே வரும். நீங்கள் தட்டில் கண்டது அந்த நீர்தான். ஆகவே வெண்ணெயோ பாலோ சேர்ப்பதற்கு முன்பே காயிலிருந்து நீரை வெளியேற்றிவிட வேண்டும். இந்த மசியலின் வெற்றி தோல்வி முழுவதும் அந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். காயைத் தோலோடு நெடுக்காக இரண்டாகப் பிளந்து, விதையையும் நாரையும் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, வெட்டிய பக்கத்தில் எண்ணெய் தடவி, அந்தப் பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து வைக்கிறேன். 200 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 50 நிமிடம் சுட வேண்டும். கழுத்துப் பகுதியில் கத்தியைக் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். அங்கே சதை திண்மையாக இருப்பதால் கடைசியாக வேகும் இடம் அதுதான். உங்கள் சிறிய ஓவனில் முழுப் பிளவு கொள்ளாவிட்டால் கழுத்தையும் வயிற்றையும் தனித்தனியாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். தட்டில் பட்ட இடமெல்லாம் பழுப்பேறி, விளிம்பில் வடிந்த சாறு பாகுபோல் கருகத் தொடங்கியிருக்கும். நீங்கள் தேடும் சுவை அந்தப் பழுப்பு நிறத்தில் இருக்கிறது. குக்கரில் அது ஒருநாளும் வராது.

வெளியே எடுத்ததும் துண்டுகளை நிமிர்த்தி வைத்து, ஆவி பறக்கும்படி பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைப் பலரும் பொறுப்பதில்லை. ஆனால் கணிசமான நீர் இந்த ஆவியோடுதான் போகிறது. பிறகு கரண்டியால் சதையை வழித்தால் தோல் தாளைப்போல் தனியே நின்றுவிடும். பச்சைக் காயைச் சீவும்போது அதன் சாறு விரல்களில் பசைபோல் ஒட்டி, காய்ந்ததும் கைத்தோல் இறுகி உரிகிற தொல்லையும் இந்த முறையில் இல்லை.

எட்டுப் பேருக்கு இரண்டு கிலோ காய் போதும். என் கணக்கில் அதிலிருந்து ஒன்றேகால் கிலோ அளவுக்கு மசியல் கிடைக்கும். அதற்கு 60 கிராம் வெண்ணெய், தேவையான உப்பு, அப்போதே பொடித்த மிளகு. சிறிதளவு ஜாதிக்காயையும் துருவிச் சேர்த்துப் பாருங்கள். இன்று நாம் கடைகடையாக ஏறி இறங்கும் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன, நோய் தாக்கி அவை அழிந்துபோயின என்பதை ஜாதிக்காய் துருவும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

பரங்கிப்பூ

மேலே சகோதரர் சொன்ன முறை நல்ல முறைதான், ஆயினும் ஓவன் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இன்னொரு வழியையும் சொல்கிறேன். பட்டர்நட்டை விட்டுவிட்டு, பேரங்காடிகளில் ஜப்பானியப் பூசணி என்று விற்கும் கரும்பச்சைத் தோல் கபோச்சாவை வாங்குங்கள். அதில் மாவுத்தன்மை மிகுதி, நீர் குறைவு. வெந்தபின் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப்போல் உதிரும். காம்பு காய்ந்து தக்கைபோல் ஆகியிருக்க வேண்டும். காய் தரையில் படுத்திருந்த இடம் வெளிறிய பச்சையாக இல்லாமல் ஆரஞ்சு நிறமாக இருந்தால் நன்றாக முற்றிய காய். பறித்த உடனே அது அவ்வளவு இனிப்பதில்லை. சில வாரம் வைத்திருக்கும்போது அதிலுள்ள மாவு சர்க்கரையாக மாறி இனிப்பு ஏறுகிறது.

இதை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தாலே போதும். தண்ணீர் காயைத் தொடக் கூடாது. பெரிய துண்டுகளாகத் தோலோடு, தோல் கீழே இருக்கும்படி அடுக்கி, மூடியின் உட்புறம் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். மூடியில் சேரும் ஆவிநீர் காயின்மேல் சொட்டாமல் துணி ஏந்திக்கொள்ளும். 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். மிக்ஸியில் அடிக்க வேண்டாம். மத்தோ முள்கரண்டியோ போதும், ஆங்காங்கே சிறு கட்டிகள் இருப்பதுதான் வாய்க்கு நன்றாக இருக்கிறது. ஒருவேளை இது மிகவும் இறுகிவிட்டால் இரண்டு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுத் தளர்த்தலாம். இறுகியதைத் தளர்த்துவது எளிது, நீர்த்ததை இறுக்குவதுதான் கடினம்.

வெட்டிய காய் மீந்தால் விதைப்பகுதியை வழித்துவிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் முதலில் அழுகுவது விதைக்குழிதான்.

தேக்கா பாட்டி

மகளே, நீ கேட்பது நம் வீட்டுப் பரங்கிக்காய் மசியல்தான், பெயர் மட்டும்தான் புதிது. தேக்கா சந்தையில் கீற்றாக வெட்டி விற்கும் பரங்கிக்காயில் என் தாயார் வாரம் ஒருமுறை இதைச் செய்வார்கள். கடையில் வெறுமனே பூசணி என்று கேட்டால் சில சமயம் வெள்ளைப் பூசணியைத் தந்துவிடுவார்கள். அது முழுக்க நீர், இதற்கு உதவாது. பரங்கி என்றோ மஞ்சள் பூசணி என்றோ கேட்டு வாங்க வேண்டும்.

நீர்த்துப்போன மசியலையும் வீணாக்க வேண்டியதில்லை. அகலமான இரும்புச் சட்டியில் போட்டு, மூடாமல், மெல்லிய தீயில் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இரு. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு உடனே மூடாமல் சட்டியின் அடி சற்று நேரம் தெரிய வேண்டும். அதுதான் பதம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், கை வலிக்கும், ஆனால் கைவிடாதே. அவசரமாக இருந்தால் மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் வடிதட்டில் வைத்துவிடு. வடியும் நீரைச் சாம்பாரில் ஊற்றிக்கொள்.

உன் மாமியார் ஒரு வாயோடு நிறுத்தியதற்குக் காரணம் இனிப்புக்கு எதிராக வேறு சுவை இல்லாததுதான். ஆகையால் தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, சிட்டிகை பெருங்காயம் தாளித்து மேலே கொட்டு. இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டால் இனிப்பு அடங்கிவிடும். பலர் இதில் நாட்டுச் சர்க்கரை சேர்க்கச் சொல்வார்கள். பரங்கிக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

செங்காங் சமையற்கட்டு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு பட்டர்நட் பாதி, கபோச்சா பாதியாக எடுத்து, முதலாவதை ஓவனில் சுட்டும் இரண்டாவதை ஆவியில் வேகவைத்தும் ஒன்றாக மசித்தேன். கரண்டியை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. தட்டில் ஒரு சொட்டு நீர்கூடப் பிரியவில்லை. பாட்டி சொன்ன தாளிப்பைச் சேர்த்தேன். மாமியார் கோழியை ஒதுக்கிவிட்டு, சோற்றில் பிசைந்து இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். இன்னும் ஒரே ஓர் ஐயம். விருந்துக்கு முந்தைய நாளே செய்து வைத்தால் கெட்டுப்போகாதா?

ஈசூன் அடுப்பு

கெடாது. முழுவதும் ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள்வரை நன்றாகவே இருக்கும். சூடாக்கும்போது மட்டும் அகலச் சட்டியில் மூடாமல் சூடாக்குங்கள், அப்போது மிஞ்சிய ஈரமும் போய்விடும். சைவ உணவு உண்பவர்களுக்கும் இது போவதால், கோழிக்குப் பயன்படுத்திய கரண்டி இதில் படாமல் தனிக் கரண்டி வைத்துவிடுங்கள்.

தேக்கா பாட்டி

தாளிப்பை மட்டும் முந்தைய நாள் சேர்த்துவிடாதே, மகளே. கறிவேப்பிலை நமத்துவிடும். விருந்தினர் கை கழுவப் போகும்போது தாளித்துக் கொட்டு.