பித்தளைக் குத்துவிளக்கைப் படம் எடுக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சித்தப்பா நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளை ஆன்லைனில் விற்கப் போகிறார். படம் எடுப்பது என் பொறுப்பு. 50 எம்எம் லென்ஸ், ட்ரைபாட், ஒரு ஃப்ளாஷ், அதன் ஒளியைப் பரப்பும் வெள்ளைக் குடை இருக்கின்றன. கேமரா செட்டிங் எஃப்/11, ஐஎஸ்ஓ 100.

மெருகு போட்ட பித்தளை முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. குடை, கேமரா, என் சட்டை எல்லாம் தண்டில் தெரிகிறது. லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போடச் சொன்னார்கள். தண்ணீர், கண்ணாடிப் பளபளப்புக்கு அது சரி, உலோகத்தில் எடுபடாது. மங்கலாக்கும் ஸ்ப்ரே அடிக்கச் சித்தப்பா விடமாட்டார் (நியாயம்தான்).

ட்ரேசிங் பேப்பரில் கூடாரம் கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டேன். பிரதிபலிப்பு போயிற்று, ஆனால் விளக்கு தட்டையாகிவிட்டது. இரு பக்கமும் கறுப்புச் சார்ட் வைத்ததும் விளிம்புகள் எழுந்து நின்றன. இப்போது சிக்கல் உச்சியில் இருக்கும் அன்னம்தான், கழுத்து முழுக்க இருண்டுவிடுகிறது.

அதற்கு மட்டும் சின்ன வெள்ளை அட்டை வைக்கலாமா? இரண்டு படம் எடுத்து ஃபோட்டோஷாப்பில் இணைப்பதா? 3 அடி விளக்குக்கு ஒரு ஃப்ளாஷ் போதுமா? நகை, பாத்திரம் எடுப்பவர்கள் யாராவது உங்கள் லைட்டிங் அமைப்பை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் பெரிய உதவி. புது லைட் வாங்கச் சொன்னால் 5,000 ரூபாய்க்குள் சொல்லுங்கள்.