தக்காளியின் அடிப்பக்கம்

குழு: நம் வீடு

சனிக்கிழமை, காலை 6.48

நான்: (படம்)

நான்: நாற்று நட்டு 72 நாள் கழித்துச் சிவந்த முதல் தக்காளி. மேலிருந்து பார்த்தால் நாட்காட்டிப் படம். திருப்பினால் அடியில் கரிக்கட்டை. எனக்கு அழுகையாக வருகிறது.

அண்ணன்: அடியில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். தரச் சோதனையில் தோற்ற சரக்கு.

அம்மா: பூச்சி கடித்திருக்கும். வேப்பெண்ணெய் தெளி.

சின்ன மாமா: பூச்சியா? அது பூஞ்சாணம், சின்னக்கா. இன்று ஒரு செடி, நாளை எல்லாச் செடியும். முதலில் பிடுங்கி எறியச் சொல்.

அண்ணி: சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று படித்த ஞாபகம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகும் என்றிருந்தது.

நான்: ஒரு பழத்துக்கு மூன்று வைத்தியர்கள். பெரியம்மா எங்கே?

பெரியம்மா: இங்கேதான் இருக்கிறேன். யாரும் எதையும் தெளிக்க வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். கண்ணாடியை எடுத்து வருகிறேன்.

காலை 6.57

பெரியம்மா: அந்தக் கறுப்பைத் தொட்டுச் சொல். கொழகொழவென்று இருக்கிறதா, காய்ந்து இருக்கிறதா?

நான்: காய்ந்துதான். தோல்போல் தட்டையாக, உள்ளே அமுங்கியிருக்கிறது. விரலால் தட்டினால் பழைய செருப்பைத் தட்டுவதுபோல் இருக்கிறது. நாற்றம் எதுவும் இல்லை.

பெரியம்மா: இலையில், தண்டில் புள்ளி?

நான்: ஒன்றும் இல்லை. செடி பச்சைப் பசேலென்று நிற்கிறது.

பெரியம்மா: எத்தனை காயில் இப்படி?

நான்: 7 காயில் 3. மூன்றிலும் அடியில் மட்டும்தான். காம்புப் பக்கம் சுத்தமாக இருக்கிறது.

பெரியம்மா: அப்படியானால் கடியும் இல்லை, பூஞ்சாணமும் இல்லை. இதை அடியழுகல் என்பார்கள். இது நோயே இல்லை, பக்கத்துச் செடிக்கு ஒட்டாது. மருமகள் சொன்னதில் பாதி சரி. சுண்ணாம்புச் சத்துதான் விஷயம். ஆனால் அது மண்ணில் இல்லாமல் போகவில்லை, காய்க்குப் போய்ச் சேரவில்லை.

சின்ன மாமா: மண்ணில் இருக்கிறது, காயில் இல்லை. நடுவில் யார் எடுத்துக்கொண்டது அக்கா?

பெரியம்மா: இலைதான் தம்பி. அந்தச் சத்து செடிக்குள் தானாக நடக்காது. தண்ணீர் ஏறினால் அதோடு ஏறும், தண்ணீர் நின்றால் அதுவும் நிற்கும். இலை நாள் முழுக்க ஆவி விடுகிறது, அதனால் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. காயின் தோல் வழியாக ஆவி போவது மிகக் குறைவு, அதற்கு இழுக்கும் பலம் இல்லை. தட்டுப்பாடு வந்தால் இலைக்குப் போக மிச்சம்தான் காய்க்கு. காயிலும் காம்பை ஒட்டிய பகுதி முதலில் எடுத்துக்கொள்ளும். கடைசியில் இருக்கும் அடிப்பக்கம் பட்டினி கிடந்து கறுத்துப்போகும்.

சின்ன மாமா: கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை.

பெரியம்மா: அதேதான். இன்னொன்று, இது நேற்று நடந்ததில்லை. காய் கோலிக்குண்டு அளவில் இருந்தபோது நடந்தது. போன மாதம் செய்த தவறு இந்த மாதம் கண்ணில் படுகிறது. ஆகவே முட்டை ஓட்டை இன்று போட்டால் இந்தக் காய்க்கு ஒரு பயனும் இல்லை. ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும்.

அண்ணி: நான் ஒரு டப்பா முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிறேனே, பெரியத்தை.

பெரியம்மா: மட்கு உரக் கூடையில் போட்டுவிடு, வீணாகாது. இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்தச் செடிக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது?

நான்: நானும் அவரும்.

பெரியம்மா: நானும் அவரும் என்றால் யார்?

காலை 7.12

வீட்டுக்காரர்: வணக்கம் பெரியத்தை. என் பெயர் அடிபடுவதைப் பார்த்தேன். செவ்வாயும் வியாழனும் நான் ஊற்றினேன்.

நான்: வியாழன் காலை நான் ஊற்றினேனே.

வீட்டுக்காரர்: இரவு நானும் ஊற்றினேன். மண் பொடியாகக் கிடந்தது.

நான்: பொடியாகவா? காலையில் நான் ஊற்றி அடித்தட்டே வழிந்தது!

பெரியம்மா: சண்டை வேண்டாம். புதன்கிழமை?

வீட்டுக்காரர்: அவள் முறை என்று நினைத்தேன்.

நான்: அவர் முறை என்று நினைத்தேன்.

அண்ணன்: திங்கள்?

காலை 7.20

அண்ணன்: திங்கள்கிழமைக்குப் பதிலே இல்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

சின்ன மாமா: வழக்கு முடிந்தது.

பெரியம்மா: முடியவில்லை. வியாழக்கிழமை விஷயத்தில் இரண்டு பேரும் சொல்வது உண்மை. தொட்டியில் போட்டிருப்பது தேங்காய் நார்த்தூள் கலவைதானே?

நான்: ஆமாம். நார்த்தூள் பாதி, மட்கு உரம் பாதி.

பெரியம்மா: போய்ப் பார். மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா?

காலை 7.26

நான்: (படம்)

நான்: இருக்கிறது பெரியம்மா! சுண்டுவிரல் நுழைகிறது. சுற்றிலும் அகழிபோல்.

பெரியம்மா: நார்த்தூள் நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கிச் சுவரை விட்டு விலகும். காய்ந்த நார் தண்ணீரை உடனே குடிக்கவும் செய்யாது. நீ ஊற்றியது அந்த இடுக்கு வழியாக நேரே தட்டுக்கு ஓடிவிட்டது. தட்டு வழிந்ததைப் பார்த்து நீ வயிறு நிறைந்தது என்று நினைத்தாய். நடுவில் வேர் இருக்கும் கட்டி அப்படியே வறண்டு கிடந்தது. மாப்பிள்ளை இரவில் தொட்டுப் பார்த்தது அதைத்தான்.

வீட்டுக்காரர்: இதைப் படித்து முடித்த முகத்தைப் படம் எடுத்து அனுப்பலாமா?

நான்: உங்கள் முகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். திங்கள்கிழமை முகத்தை.

பெரியம்மா: ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, செடி இருக்கும் வாளியைப் பாதி உயரத்துக்கு அதில் இறக்கி வை. குமிழி குமிழியாகக் காற்று வரும். அது நிற்கும்வரை விடு, அரை மணி நேரம் ஆகலாம். பிறகு எடுத்து வடியவிடு. அதன் பிறகு தினமும் ஊற்றும்போது ஒரேயடியாகக் கவிழ்க்காதே. கொஞ்சம் ஊற்று, ஐந்து நிமிடம் பொறு, மறுபடியும் ஊற்று.

சின்ன மாமா: தூக்குவதற்கு முன் கணக்குப் போடு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உங்கள் வாளி எத்தனை லிட்டர்?

நான்: 10 லிட்டர் பெயின்ட் வாளி, மாமா.

சின்ன மாமா: அப்படியானால் தூக்கிவிடலாம்.

பெரியம்மா: தூக்கலாம். ஆனால் தக்காளிக்கு அது போதாது. இவ்வளவு பெரிய செடி வெயில் நாளில் அந்த வாளியின் ஈரத்தை மதியத்துக்குள் குடித்து முடித்துவிடும். 20 லிட்டர் இருந்தால் ஒரு வேளை மறந்தாலும் செடி மன்னிக்கும். மிளகாய்க்கு 10 போதும். கீரைக்கு ஆழமே வேண்டாம், ஒரு சாண் மண் இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

சின்ன மாமா: 20 லிட்டர் தோட்டத்து மண்ணை நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். பத்து தொட்டி வைத்தால் 300 கிலோவுக்கு மேல். அதைக் கைப்பிடிச் சுவர் ஓரம் வரிசையாக அடுக்குவது ஆபத்து. பால்கனி வீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகை. நுனியில் பாரம் ஏறினால் பலகை வீட்டோடு சேரும் இடத்தில் விழும் இழுவை அதிகம். கனமானதை வீட்டுச் சுவரை ஒட்டி வை.

அண்ணன்: மாமா வந்தால் தக்காளிகூடக் கட்டடப் பொறியியல் ஆகிவிடும்.

பெரியம்மா: அவன் சொல்வதைக் கேள், சரியாகத்தான் சொல்கிறான். நார்த்தூள் கலவை போடச் சொல்வதே பாரம் குறைவு என்பதற்காகத்தான்.

அம்மா: அக்கா, அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியுமே? நான் எல்லாத் தொட்டிக்கும் போட்டிருக்கிறேன்.

பெரியம்மா: வடியாது. பொடி மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்கு ஈரம் சட்டென்று இறங்காது, மண்ணின் அடிப்பகுதியிலேயே தேங்கி நிற்கும். ஜல்லி போட்டால் தேங்கும் இடம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். பாரம் வேறு. ஓட்டை சரியாக இருந்தால் போதும், ஓட்டைமேல் ஒரு துண்டு வலை வை.

அம்மா: இத்தனை வருடம் சொல்லவே இல்லையே நீ.

பெரியம்மா: நீ கேட்கவே இல்லையே.

காலை 8.05

அண்ணி: இடையில் என் மிளகாயையும் பார்த்துவிடுங்கள், பெரியத்தை. (படம்) இலையெல்லாம் சுருண்டுவிட்டது.

பெரியம்மா: மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டிருக்கிறதா, கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கிறதா? படத்தில் தெரியவில்லை.

அண்ணி: மேல்நோக்கி. படகுதான்.

பெரியம்மா: இலைப்பேனாக இருக்கும். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் பெரும்பாலும் சிலந்திப்பேன். கொழுந்தை ஒரு வெள்ளைத்தாள்மேல் தட்டு. கோடு கோடாக ஊசிமுனை அளவில் ஏதாவது நகர்ந்தால் அதுதான். மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளிப்போடு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குச் சில சொட்டு சோப்புத் திரவம். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளி. வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

அண்ணன்: நானும் மனு கொடுக்கிறேன். என் பீர்க்கங்கொடி நிறையப் பூக்கிறது, ஒன்றுகூடக் காய்க்கவில்லை. பூ மறுநாள் வாடிக் கொட்டிவிடுகிறது.

பெரியம்மா: பூவுக்குப் பின்னால் குட்டிப் பீர்க்கங்காய் தெரிகிறதா, வெறும் காம்புதானா?

அண்ணன்: வெறும் காம்பு.

பெரியம்மா: எல்லாம் ஆண்பூ. முதலில் அவைதான் வரும், பொறு. பிஞ்சோடு பெண்பூ வந்ததும் ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவு. ஆனால் காலையில் போய்த் தேடாதே. பீர்க்கு சாயங்காலம்தான் விரியும்.

அண்ணன்: நான் தினமும் காலை ஏழு மணிக்குப் போய் நிற்கிறேன்.

சின்ன மாமா: விருந்து முடிந்தபின் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாய்.

காலை 8.40

நான்: என் தக்காளி கதைக்கு வாருங்கள். இந்த மூன்றையும் என்ன செய்வது?

பெரியம்மா: காயாக இருப்பதைக் கிள்ளிவிடு, செடியின் சத்தாவது மிஞ்சும். பழுத்ததை அடியை வெட்டிவிட்டுச் சாப்பிடலாம், விஷம் இல்லை. மண்மேல் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த சருகு பரப்பு. இலைக்கென்று தழைச்சத்து உரம் ஏதாவது போடுகிறாயா?

நான்: இலை வெளுத்ததென்று போன மாதம் இவர் கொஞ்சம் போட்டார்.

வீட்டுக்காரர்: கொஞ்சம் என்றால் இரண்டு கரண்டி.

பெரியம்மா: போதும், நிறுத்திவிடுங்கள் மாப்பிள்ளை. இலை கூடினால் இழுப்பவர் கூட்டம் கூடும், காய்க்கு இன்னும் குறையும்.

நான்: தண்ணீர் முறைக்கு என்ன செய்ய? தாளில் எழுதி ஒட்டினால் இரண்டு நாளில் மறந்துவிடுவோம்.

பெரியம்மா: துணிக்கிளிப்பு ஒன்றை வாளி விளிம்பில் மாட்டு. வலது பக்கம் இருந்தால் உன் முறை, இடது பக்கம் இருந்தால் மாப்பிள்ளை முறை. முறைக்காரர் காலையில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் ஊற்ற வேண்டும், ஈரமாக இருந்தால் சும்மா விட வேண்டும். இரண்டில் எதுவானாலும் கிளிப்பை மறுபக்கம் மாற்றிவிட்டுத்தான் நகர வேண்டும்.

அம்மா: (படம்)

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன்: பார்த்துவிட்டோம் அம்மா. தொட்டியைக் கவிழ்த்து ஜல்லியைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஐந்து வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.31

நான்: (படம்)

நான்: 20 லிட்டர் பைக்கு மாற்றியபின் வந்த கொத்து. அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

சின்ன மாமா: பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லையே.

நான்: அதைத்தான் பார்க்கச் சொன்னேன், மாமா.

அண்ணி: என் மிளகாயும் துளிர்த்துவிட்டது. படம் அப்புறம் அனுப்புகிறேன்.

அண்ணன்: எனக்கு ஒரு பீர்க்கம்பிஞ்சு. என் கைராசி.

பெரியம்மா: எத்தனை காய் இருக்கிறது கொத்தில்?

நான்: 5. ஐந்தும் சுத்தம்.

பெரியம்மா: நல்லது. கிளிப்பு இன்று எந்தப் பக்கம்?

வீட்டுக்காரர்: வலது பக்கம், பெரியத்தை. அவள் முறை.

நான்: நான் இப்போதுதான் பார்த்தேன், இடது பக்கம் இருக்கிறது. உங்கள் முறை.

சின்ன மாமா: இரண்டு பேரும் எங்கே நின்று பார்க்கிறீர்கள்?

காலை 6.44

நான்: நான் பால்கனியில், வெளியிலிருந்து வீட்டைப் பார்த்து.

வீட்டுக்காரர்: நான் கூடத்து ஜன்னலில்.