அமீர்: எபிரேயப் பெயரா, அரபுப் பெயரா?

கேள்வி

என் நெருங்கிய நண்பருக்கு அண்மையில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தையின் தந்தை யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; தாய் ஈரானிய முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். இரு வீட்டாருக்கும் அயலாக ஒலிக்காத ஒரு பெயரைத் தேடி, கடைசியில் ‘அமீர்’ என்ற பெயரில் வந்து நிற்கிறார்கள். ஆனால் பெயர் விளக்கப் பட்டியல்களைப் புரட்டினால், ‘எபிரேயம், அரபு’ என்று இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிட்டு, இளவரசன், மர உச்சி, கதிர்க்கட்டு, செழிப்பானவன் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்களை அடுக்கியிருக்கிறார்கள். எபிரேயமும் அரபும் ஒரே செமித்தியக் குடும்பத்து மொழிகள் என்பதால், யோசேப்பும் யூசுஃபும் போல இதுவும் ஒரே பெயரின் இரு வடிவங்கள்தானா? அல்லது தனித்தனியே பிறந்து ஒலியில் மட்டும் ஒத்துப்போன பெயர்களா? அறிந்தவர்கள் விளக்கினால், அந்தப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்ல உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

யோசேப்பு, யூசுஃப் ஆகியவை விவிலியத்திலும் குர்ஆனிலும் வரும் ஒரே மனிதரின் பெயர். எனவே அவற்றை ஒரே பெயரின் இரு வடிவங்கள் என்று தயக்கமின்றிச் சொல்லலாம். அமீர் அப்படிப்பட்டதன்று. எபிரேய விவிலியத்தில் அமீர் என்ற பெயருடைய மனிதர் ஒருவரும் இல்லை. அங்கே அது ஒரு பொதுச்சொல் மட்டுமே.

அச்சொல் ஏசாயா நூலின் 17ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஒலிவ மரத்தை உலுக்கி அறுவடை முடித்த பிறகும் உச்சிக் கொம்பில் இரண்டு மூன்று காய்கள் எஞ்சி நிற்கும் அல்லவா, அந்த உச்சிக் கொம்பைத்தான் 6ஆம் வசனம் ‘அமீர்’ என்கிறது. அடியிலிருந்து கோலால் தட்டுகிறவனின் கைக்கு எட்டாத இடம் அது. அதே அதிகாரத்தின் 9ஆம் வசனத்திலும் இச்சொல் மறுபடி வருகிறது. ஆனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அந்த இடத்தில் மரமே இல்லை. எமோரியர், ஏவியர் என்ற இரு இனத்தாரின் பெயர்கள் நிற்கின்றன. அவ்வளவு அரிதான சொல் அது. நவீன எபிரேயம் இந்த அரிய சொல்லை எடுத்து ஆண் குழந்தைகளுக்குப் பெயராக வைத்துக்கொண்டது. தோமர், ஓரென், அல்லோன் என்று மரங்களையும் செடிகொடிகளையும் பிள்ளைகளுக்குப் பெயராகச் சூட்டும் இஸ்ரேலிய வழக்கத்தில் ‘மர உச்சி’ என்ற பெயர் இயல்பாகவே பொருந்திவிடுகிறது.

பட்டியலில் உள்ள ‘கதிர்க்கட்டு’ வேறொரு சொல். மர உச்சியைக் குறிப்பது அலெஃப் என்ற எழுத்தில் தொடங்குகிறது. கதிர்க்கட்டைக் குறிப்பது அயின் என்ற எழுத்தில் தொடங்குகிறது. கதிர்க்கட்டுகள் நிறைந்த வண்டி பாரத்தால் அழுந்துவதைப் பற்றி ஆமோஸ் நூலின் 2ஆம் அதிகாரம் பேசும்போது வருவது இந்த இரண்டாவது சொல்தான். 1939இல் மேல் கலிலேயாவில் அமைக்கப்பட்ட கிப்புத்ஸ் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) ஒன்றுக்கும் இப்பெயரே இடப்பட்டது. இன்றைய இஸ்ரேலில் பெரும்பாலோர் அயினைத் தொண்டையிலிருந்து ஒலிப்பதில்லை. ஆகவே காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். எழுத்தைப் பார்த்தால்தான் எந்த அமீர் என்று தெரியும். நண்பர் வீட்டார் எபிரேயத்தில் எழுதப்போவது அலெஃப் எழுத்தில்தானா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியோடு முழுவதும் உடன்படுகிறேன். அரபுப் பக்கத்தை நான் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இப்பெயர் அதிகம் ஊர்சுற்றியது அந்தப் பக்கத்தில்தான்.

அரபில் அலிஃப், மீம், ரா என்ற மூன்று மெய்களாலான வேருக்கு ‘கட்டளையிடு’ என்பது பொருள். அமீர் என்றால் கட்டளையிடும் அதிகாரம் உடையவர். எபிரேயத்திலும் இதே மூன்று மெய்கள் கொண்ட வேர் உண்டு. அங்கே அதன் முதன்மைப் பொருள் ‘சொல்’ என்பது. யூத சமயச் சட்ட விளக்க நூலான தல்முத் உருவான காலத்து யூத அறிஞர்களுக்கு வழங்கும் ‘அமோரா’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. சொல்வதும் கட்டளையிடுவதும் அண்டை வீட்டுப் பொருள்கள் என்பதால் இந்த இரண்டு வினைகளும் உறவுடையவை. ஆனால் அந்த உறவைக் காட்டி மர உச்சிக்கு இளவரசன் என்ற பொருளை ஏற்றிவிடக் கூடாது. பெயர்ப் பட்டியல்கள் செய்யும் பிழை அதுதான்.

அமீர் முதலில் பெயரன்று, பதவி. படைத் தலைவர், மாகாண ஆளுநர், ஹஜ் பயணக் கூட்டத்தை வழிநடத்துபவர் ஆகிய எல்லோரும் அமீர்களே. இரண்டாம் கலீஃபா உமர், 634 முதல் 644 வரையிலான தம் ஆட்சியில், ‘அமீருல் மூமினீன்’, அதாவது இறைநம்பிக்கையாளர்களின் தலைவர், என்று அழைக்கப்பட்டார். மொராக்கோ மன்னர் இன்றும் அப்பட்டத்தைத் தாங்குகிறார். 756இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் ஆட்சி நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான் தம்மை அமீர் என்றே நிறுத்திக்கொண்டார். அவர் வழிவந்த மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929இல்தான் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டார். செங்கிஸ்கானின் குருதிவழி வராததால் ‘கான்’ என்ற பட்டத்தைச் சூடாத தைமூர், அமீர் தைமூராகவே அறியப்பட்டார். ஆக, அமீர் என்பது பெரிய பட்டம்தான், ஆனால் உச்சப் பட்டமாகக் கருதப்படவில்லை. ஆப்கானிஸ்தானின் அமானுல்லா 1926இலும், பஹ்ரைனின் ஹமத் 2002இலும் அமீர் பட்டத்தை விட்டு மன்னர் பட்டத்துக்கு மாறியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். குவைத்திலும் கத்தாரிலும் ஆட்சியாளர் இன்றும் அமீரே.

கடல் வழியாகவும் இச்சொல் பயணம் செய்தது. 12ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜரிடம் அந்தியோக்கியாவின் ஜார்ஜ் என்ற கிரேக்கக் கிறிஸ்தவர் கடற்படைக்குத் தலைமை தாங்கினார்; அவர் ஏற்றிருந்த பட்டம் ‘அமீர்களின் அமீர்’ என்பதன் இலத்தீன் வடிவம். பலேர்மோவில் அவர் எழுப்பிய தேவாலயம் இன்றும் அட்மிரலின் மரியன்னை ஆலயம் என்றே வழங்குகிறது. ‘அட்மிரல்’ என்ற சொல்லின் முன்பகுதியில் இருப்பது நம் அமீர்தான்.

நண்பரின் மனைவி ஈரானியர் என்பதால் பாரசீக வழக்கையும் சொல்ல வேண்டும். ‘அமீர்சாதா’, அதாவது அமீரின் மகன் என்ற தொடர், தேய்ந்து ‘மிர்சா’ ஆயிற்று. ஈரானில் மிர்சா பெயருக்குப் பின்னால் வந்தால் இளவரசர்; முன்னால் வந்தால் படித்தவர் அல்லது எழுத்துப் பணியாளர். அப்பாஸ் மிர்சா பட்டத்து இளவரசர். மிர்சா தக்கீ கானோ சமையற்காரர் ஒருவரின் மகன். கல்வியாலும் உழைப்பாலும் உயர்ந்து, 1848இல் நாசிருத்தீன் ஷாவின் தலைமை அமைச்சராகி, ‘அமீர் கபீர்’, மாபெரும் அமீர், என்ற பட்டம் பெற்றவர். தாருல் ஃபுனூன் கல்விக்கூடத்தை அவர் உருவாக்கினார். 1851இன் இறுதியில் அது திறக்கப்பட்டபோது அவர் பதவி பறிக்கப்பட்டிருந்தார். சில நாட்களில், 1852 ஜனவரியில், காஷானின் ஃபீன் தோட்டக் குளியலறையில் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஈரானியர் ஒருவரிடம் அமீர் என்று சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான். அங்கே அமீர் ஹுசைன், அமீர் அலி, அமீர் ரிஸா என்று இணைப்பெயராகவும் இது மிகப் பரவலாக வழங்குகிறது.

உருதுவிலும் இந்தியிலும் அமீர் என்றால் செல்வந்தர் என்று பொருள் விரிந்துவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘செழிப்பானவன்’ என்ற பொருள் மட்டும் இன்னும் விளங்கவில்லை. நடிகர் ஆமிர் கானின் பெயரும் இதுதானா? பெண் குழந்தையாக இருந்தால் அமீரா என்று வைத்திருப்போம் என்றும் சொன்னார்கள். அதற்கும் இதே விளக்கம்தானா?

மறுமொழி 3

ஆமிர் கானின் பெயர் வேறு. அது அரபில் ஐன் என்ற எழுத்தில் தொடங்கும் ஆமிர். முதல் உயிர் நெடில், இரண்டாவது குறில். வாழ்தல், குடியிருந்து தழைத்தல் என்ற பொருளுடைய வேர் அதற்கு. ‘செழிப்பானவன்’ என்ற விளக்கம் அங்கிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டது. உமர் என்ற பெயரும், ஆயுளைக் குறிக்கும் ‘உம்ர்’ என்ற சொல்லும் அந்த வேரைச் சேர்ந்தவை. லைலாவின் காதலால் மஜ்னூன் எனப் பெயர்பெற்ற கைஸ், பனூ ஆமிர் குலத்தவர். எனவே அவர் குலப்பெயரும் இந்த ஆமிர்தான். இரண்டையும் வேறுபாடின்றி ‘அமீர்’ என்று தமிழில் எழுதும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். குறிலையும் நெடிலையும் துல்லியமாகக் காட்டும் எழுத்து நம்மிடம் இருக்கும்போது, அமீர் என்றும் ஆமிர் என்றும் பிரித்து எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை.

எபிரேயத்தில் ஓமேர் என்ற பெயரும் உண்டு. உமருக்கு இணையான எழுத்துகளால்தான் எழுதுகிறார்கள். ஆனால் பொருள் கதிர்க்கட்டு. பாலைவனத்தில் ஆளுக்கு ஓர் ஓமேர் மன்னா அளந்தெடுத்ததாக யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் சொல்லும் அளவைப் பெயரும் அதுவே.

அமீரா அரபில் இளவரசி. எபிரேயத்தில் அமீரின் பெண்பாற் பெயராக வழங்கும். அதே எழுத்துக்கூட்டில் ‘கூற்று’ என்ற பொருளில் ஒரு பெயர்ச்சொல்லும் அம்மொழியில் உண்டு.

மறுமொழி 2 எழுதியவர்

உங்கள் நண்பர் குடும்பத்துக்கு இந்தப் பெயர் நன்றாகவே பொருந்தும் என்பது என் கருத்து. அலெஃபிலும் அலிஃபிலும் தொடங்கும் வடிவத்தைத் தேர்ந்தால், எபிரேயத்திலும் பாரசீகத்திலும் நேருக்கு நேரான நான்கு எழுத்துகளில் அமைந்துவிடும். ஒலிப்பிலும் பெரிய வேறுபாடு இராது. தந்தை வீட்டில் அது மர உச்சி, தாய் வீட்டில் அது தலைவன். ஒரே மூலம் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேட்டவர்

அப்படியே சொல்கிறேன். அலெஃப் எழுத்தில்தான் எழுதப்போவதாக நண்பர் சற்றுமுன் உறுதிசெய்தார்.