அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு மாற்றி வீடு கூடி பைபிள் வாசிக்கும் அன்பியக் கூட்டத்தில் பார்த்து, இன்னும் மனசை உறுத்துவது எது?

முகப்புத் திண்ணை
பைபிளை ஏழு படியாக வாசித்துப் பகிர்வோமே, அதில் மனசைத் தொட்ட சொல்லைப் பகிரும் ஐந்தாம் படிதான். டைல்ஸ் பட்டறை வேலைக்குப் போகிற ஒரு அம்மா அன்றுதான் புதிதாக வந்தார். "இந்த ஒரு வார்த்தையில எனக்கு அழுகையே வந்துருச்சு" என்று ஆரம்பித்தவரை எதிரில் இருந்த பெரியவர் முடிக்க விடவில்லை. "இல்லம்மா, அதுக்கு அர்த்தம் அது இல்ல" என்று கூட்டம் முடியும் வரை பிரசங்கம். அந்த அம்மா கடைசி வரை முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. ஐந்தாம் படியில் பகிர்வு மட்டும்தானே? திருத்தமும் கிடையாது, விளக்கமும் கிடையாது. வழிநடத்துபவர் தொடக்கத்திலேயே "‘எனக்கு’ என்று ஆரம்பியுங்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம்" என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரஸ்தாக்காரன்
பெரியவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நான்காம் படி மௌனத்தை அங்கே எத்தனை நிமிடம் விட்டார்கள்? பெரும்பாலும் அரை நிமிடம்கூட இருக்காது, அதற்குள் யாராவது பாட்டை எடுத்துவிடுவார்கள். மூன்றாம் படியில் மனசில் பட்ட சொல்லை நிறுத்தி மூன்று முறை சொல்லி, பிறகு மூன்று நான்கு நிமிடம் சும்மா உட்கார்ந்தால்தான் ஐந்தாம் படியில் சொந்தப் பேச்சு வரும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கேட்ட பிரசங்கம்தான் திரும்ப வரும்.

அதைவிட மோசம், யார் என்ன செய்வது என்று முடிவெடுக்கும் ஆறாம் படியைத் தாண்டி நேராக ஏழாம் படி மன்றாட்டுக்குப் போவது. "ஆஸ்பத்திரியில் இருக்கும் தாத்தாவைப் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் போக மாட்டார்கள். "புதன் சாயங்காலம் 5 மணிக்கு இன்னார் இரண்டு பேர்" என்று நோட்டில் ஏற வேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி அதுதான். செய்யவில்லையா, திட்டாமல் வேறு ஆளிடம் கொடுங்கள்.

கானாடுகாத்தான் மருமகள்
நான் பார்த்த அன்பியத்தைக் கெடுத்தது ஒரு தட்டு வெள்ளைப் பணியாரம். முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும். இரண்டாவது வீட்டில் வடை. மூன்றாவது வீட்டில் பணியாரமும் கந்தரப்பமும், தொட்டுக்கொள்ள காரச் சட்னி வேறு. நான்காவது முறை வர வேண்டிய வீடு கூலிவேலைக் குடும்பம். "எங்க வீட்ல இடம் பத்தாது" என்றார்கள். இடமா பத்தவில்லை? சுக்குக் காப்பி மட்டும், எல்லா வீட்டிலும் அதே என்று பேசிவைத்தால் போதும். இடம் சின்னது என்றால் வாசலில் பாய் போடலாம். வசதி என்று பெரிய வீட்டு முகப்பிலேயே மாதாமாதம் வைக்காதீர்கள். அங்கே சிலர் படியேறவே தயங்குவார்கள்.

ஆர்மோனியப்பெட்டி
எல்லாரும் படியையும் பணியாரத்தையும் பேசுகிறீர்கள். பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மொத்தச் சபை, உடைவது திருவிழா வரியில். கொடியேற்றத்தன்று மைக்கில் வரி பாக்கி லிஸ்ட் வாசித்தார்கள். அதில் தாலி இழந்து வருடம் திரும்பாத ஒருவர் பெயர். அவர் அங்கேதான், தூண் ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தலைக்கட்டு வரியை ஒரே தொகையாக வையுங்கள், முடியாதவர்கள் பங்குத்தந்தையிடம் தனியே சொல்லட்டும். அதற்கு மேல் கொடுப்பது நன்கொடை, தனி ரசீது. பலகையில் பெயர்களை அகரவரிசையில் போடுங்கள், தொகை வேண்டாம். வரவு செலவை மட்டும் காசு விடாமல் ஒட்டுங்கள். திருவிழா முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஒட்டாவிட்டால் வதந்தி முந்திக்கொள்ளும். 1983 திருச்சபைச் சட்டம் 537ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். 536ஆம் பிரிவு சொல்லும் பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான். இது தெரியாமல் பேரவைக்காரர்கள் தீர்ப்பு எழுதுவதால் பாதிச் சண்டை.

அப்புறம் சாப்பாடு. நூறு பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி, அது கணக்கு. உபயதாரர் குடும்பத்துக்குத் தனி அறையில் இலை போடாதீர்கள். பேரவைக்காரர்கள் கடைசிப் பந்தியில் உட்காரட்டும். கறி தீர்ந்து ரசம்தான் மிச்சம் என்றால் அது அவர்களுக்கே கிடைக்கட்டும், அடுத்த வருடம் அளவு தானாகச் சரியாகும்.

கண்மாய்க்கரை
ஆர்மோனியப்பெட்டி அண்ணே, வரி வருடத்துக்கு ஒருமுறை. அன்பிய எல்லை வருடம் முழுக்க இருக்கிறது. 20, 30 குடும்பம் ஓர் அன்பியம் என்று சொல்லி, தெருவாரியாகக் கோடு போட்டுவிடுகிறோம். நம்ம ஊர்களில் தெருவாரியாகப் பிரித்தால் அது சாதிவாரியாகப் பிரித்ததுதான். ஒரு கிளைக் கிராமத்தில் வரைபடத்தை விரித்ததும் ஓர் இளைஞன், "இதுக்கு எதுக்கு சாமி புதுசா கோடு, ஏற்கெனவே இருக்கே" என்றான். யாரும் வாய் திறக்கவில்லை. தெருவுக்குக் குறுக்கே கோடு போடுங்கள், இந்தத் தெருவில் பாதி, அந்தத் தெருவில் பாதி. முதலில் முணுமுணுப்பு வரும், இரண்டு குடும்பம் நின்றுவிடும். அதற்காகப் பழைய கோட்டுக்குத் திரும்பாதீர்கள்.

சிஎஸ்ஐ பக்கத்து வீடு
உங்க கத்தோலிக்க சபையும் எங்க சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) சபையும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் சேர்ந்து ஜெபிக்கலாமே. நற்கருணை ஆராதனையாக வைத்தால் நற்கருணை கொடுக்கும் நேரத்தில், மற்ற சபையில் வாங்க முடியாமல் பாதிப் பேர் இருக்கையிலேயே இருக்க வேண்டிவரும், அதனால் இறைவாக்கு வழிபாடாக வையுங்கள். 18ஆம் தேதியே வேண்டாம், மஞ்சுவிரட்டு பார்க்கப் போன பையன்கள் களைப்பில் கிடப்பார்கள்.

முகப்புத் திண்ணை
சரி, அந்த டைல்ஸ் அம்மாவைத் திரும்பக் கூப்பிட யார் போவது? ஃபாதர் போகட்டும் என்கிறார்கள் இங்கே.

கானாடுகாத்தான் மருமகள்
ஃபாதர் வேண்டாம், அந்த அம்மா பயந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் போகட்டும், பட்டறை விட்டு வந்து குளித்த பிறகு, ஏழு மணி வாக்கில். "ஏன் வரல" என்று கேட்கவே வேண்டாம்.