சிங்கப்பூர் பயணம்: ரொக்கமா, கார்டா?

காட்பாடி வாசகர்:
அடுத்த மாதம் பெற்றோருடன் சிங்கப்பூர் செல்கிறேன். வேலூரிலேயே பணம் மாற்றிக்கொள்வதா, கார்டை மட்டும் நம்பலாமா?

ராணிப்பேட்டை வாசகர்:
தோல் வியாபாரத்துக்காகச் சென்று வருபவன் நான். கடையில் கார்டைக் கொடுத்ததும், தொகையை ரூபாயில் எடுக்கவா, சிங்கப்பூர் டாலரில் எடுக்கவா என்று கருவி கேட்கும்; ரூபாய் என்றால் கணக்கு நமக்கு எளிதாகத் தோன்றும், ஆனால் மாற்று விகிதத்தில் கூடுதல் தொகையைச் சேர்த்துவிடுவார்கள் என்பதால், எப்போதும் உள்ளூர் டாலரையே தேர்ந்தெடுங்கள். முதல் பயணத்தில் இது தெரியாமல் ஹோட்டல் பில்லில் ஏமாந்தேன். ரூபாய் நோட்டாக 25,000க்கு மேல் கொண்டுசெல்ல அனுமதியில்லை.

ஆம்பூர் வாசகி:
ஐயா சொன்னது சரி. நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் முடக்கப்பட்டே இருக்கும். புறப்படுமுன் வங்கிச் செயலியில் அதை இயக்கிவிடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிவைத்துச் செலவழிக்கும் கார்டு) சிங்கப்பூர் டாலரை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டால், செலவழிக்கும் நாளில் விகிதம் ஏறினாலும் கவலையில்லை. உணவங்காடிக் கடைகளுக்கும் பெற்றோரின் கைச்செலவுக்கும் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். அது குறைந்தால் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியில் இரண்டு மூன்று பணமாற்றுக் கடைகளில் விகிதம் கேட்டு மாற்றுங்கள்; விமான நிலையத்தில் டாக்ஸிக்கு வேண்டியது மட்டும் போதும்.

காட்பாடி வாசகர்:
நன்றி. கார்டை இன்றே இயக்கிவிடுகிறேன்.