புதுப்பிப்பு: முயல்களுக்கான உலர்புல் கெட்டுவிட்டதா என்ற என் கேள்வி

மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருந்த திமோத்தி என்ற புல்வகையின் உலர்புல் பழுப்பேறியதால், அதை முயல்களுக்குக் கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முழுவதையும் வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்ததில், நான் பயந்த பழுப்புப் பகுதி நன்றாகவே இருந்தது. வெளிச்சம் பட்டு நிறம் மங்கியிருந்தாலும், அது மொறமொறப்பாகவும் புல்மணத்துடனும் இருந்ததால், முயல்கள் தயங்காமல் தின்றன. உண்மையான சிக்கல், பச்சையாகவே தெரிந்த அடிப்பகுதியில்தான் இருந்தது: காற்றோட்டமின்றித் தேங்கிய ஈரத்தால் அது கட்டிதட்டி, பூசண வாடை வீசி, உதறியபோது சாம்பல்நிறத் தூளைக் கிளப்பியது. நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் நல்லதை எறிந்துவிட்டுக் கெட்டதைக் கொடுத்திருப்பேன்.

பூசண வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவக்கூடியவை என்பதாலும், முயலின் உணவில் பெரும்பகுதி உலர்புல்லே என்பதாலும், அந்தப் பெட்டியில் எஞ்சியதைப் பொறுக்கிக் காப்பாற்ற முயலாமல் முழுவதையும் அகற்றிவிட்டேன். (வைக்கோலை மாற்றாகக் கொடுக்கலாமே என்றார் ஒருவர், அது படுக்கைக்கு ஆகும், சத்துக்கு ஆகாது.) புதிய புல்லை, தரையில் படாதபடி மரச்சட்டத்தின்மேல் வைத்த அட்டைப்பெட்டியில், வெயில் படாத உலர்ந்த அறையில், அழுத்தாமல் தளர்வாக நிரப்பியுள்ளேன், இப்போது வாரம் ஒருமுறை அடிவரை கைவிட்டு, ஈரமோ வெப்பமோ தென்படுகிறதா என்று பார்க்கிறேன்.